இரண்டு த்ரெட், ஒரு ரீடிங்: வாலட்டைலா, லாக்கா, அட்டாமிக்கா?

காரைக்குடிப் பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குப் பேட்டரியை எடுக்கும் மாணவர்கள் நிறையப் பேர். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊர் என்பதால் அந்த ஆர்வம் இயல்பாகவே வந்துவிடுகிறது. அவர்கள் செய்யும் பெட்டி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு லித்தியம் செல், அதைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட், நொடிக்கு ஆயிரம் முறை வோல்டேஜை அளக்கும் சென்சார், உள்ளே ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டு. நிரல் சி மொழியில். அதற்குள் த்ரெட் என்ற இரண்டு வேலைத்தொடர்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு த்ரெட் ரீடிங் எடுக்கும். இன்னொரு த்ரெட் அதை வாங்கி ஃபைலில் எழுதும், 4200 மில்லிவோல்ட்டைத் தொட்டதும் சார்ஜிங்கை நிறுத்தும்.

இந்தப் பெட்டியோடு வரும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றேதான்: "அண்ணே, லேப்டாப்புல கரெக்டா ஓடுது. போர்டுல போட்டா மட்டும் எப்பவாவது பழைய ரீடிங் வருது. வாலட்டைல் போட்டா சரியாயிடுமா?"

ஆகாது. வாலட்டைல் என்பது ஒரு வேரியபிளை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படிக்கச் சொல்லும் சி மொழிச் சொல். அது ஏன் போதாது, வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எது பொருந்தும் என்பதை எழுதிவைக்கிறேன். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பெட்டிக்கு மியூடெக்ஸ் லாக், அதாவது ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, போதும். லாக் போட முடியாத இடம் வந்தால் அட்டாமிக், அதாவது பாதியாக இல்லாமல் முழுதாகவே எழுதவும் படிக்கவும் முடிகிற வேரியபிள். அதிலும், காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும், அட்டாமிக்கின் தளர்ந்த வரிசை முறையான ரிலீஸ்-அக்வயர். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதற்கு, நம் நிரலைப் பிராசஸரின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பைலருக்கு உள்ள உரிமை

நாம் எழுதுவது இதுதான்:

அளவு = 3840
தயார் = 1

இன்னொரு த்ரெட்டில்:

தயார் 1 ஆகும்வரை சுற்று
அளவை எடு

முதல் த்ரெட்டை மட்டும் பார்க்கும் கம்பைலருக்கு, மேலே உள்ள இரண்டு வரிகளுக்கும் இடையே எந்த உறவும் தெரியாது. ஒன்றின் விடை இன்னொன்றுக்குத் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு இடங்கள். எதை முதலில் எழுதினாலும் அந்த த்ரெட்டின் கணக்கு மாறாது. அதனால் மாற்றி எழுத அதற்கு உரிமை உண்டு. சி மொழியின் விதி சொல்வது இவ்வளவுதான்: நிரலின் வெளியே தெரியும் விளைவு, அதாவது திரைக்கும் ஃபைலுக்கும் போவதும் வாலட்டைல் அணுகல்களும், மாறாமல் இருந்தால் உள்ளே என்ன வரிசையில் வேண்டுமானாலும் வேலையைச் செய்யலாம். அந்த விளைவையும் அது ஒற்றை த்ரெட்டின் கண்ணால்தான் பார்க்கும்.

ஆத்தங்குடியில் தரைக்கான பூக்கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் கலர் சிமெண்டை ஊற்றுகிறார்கள். சிவப்பு முதலா, மஞ்சள் முதலா என்பது ஊற்றுகிறவர் இஷ்டம். எப்படி ஊற்றினாலும் பூ ஒன்றுதான். ஆனால் எல்லா அறையும் நிரம்பிய பிறகுதான் அச்சைத் தூக்க வேண்டும், அப்புறம்தான் பின்பக்கத்துச் சிமெண்ட் கலவையைப் போட வேண்டும். ஒரே ஆள் செய்யும்வரை எது மாறலாம், எது மாறக் கூடாது என்பது அவருக்கே தெரியும். பின்பக்கத்துக் கலவையை இன்னொருவர் போடுவதாகவும், அவர் மஞ்சள் விழுந்ததையே அடையாளமாக வைத்துக்கொண்டு கலவையைக் கொட்டுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுகிறவர் சிவப்பைக் கடைசிக்குத் தள்ளிய நாளில் கல் கெட்டுவிடும். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை. தன் வரிசையை இன்னொருவர் நம்பியிருக்கிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, எது மாறலாம் என்பதைக் கம்பைலர் எப்படி முடிவு செய்கிறது? மெமரியில் இரண்டு செயல்களை இடம் மாற்றுவதற்கு முன் அது கேட்கும் முதல் கேள்வி: இரண்டும் ஒரே இடத்தைத் தொடக்கூடுமா? தொடக்கூடும் என்றால், அவற்றில் ஒன்றாவது எழுதும் செயலாக இருந்தால், வரிசை மாறக் கூடாது. இரண்டும் படிக்கும் செயல் என்றால் மாற்றலாம். இரண்டும் வெவ்வேறு பெயருள்ள வேரியபிள் என்றால் பதில் எளிது. மெமரியில் ஒரு இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் வந்தால்தான் சிக்கல். இரண்டு பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டக்கூடும் என்று சந்தேகம் இருக்கும்வரை கம்பைலர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சந்தேகத்தைக் குறைக்க அதனிடம் சில வழிகள் உண்டு. வகை வேறானால் இடமும் வேறு என்று எடுத்துக்கொள்வது ஒன்று. முழு எண்ணைக் காட்டும் பாயிண்டரும் தசம எண்ணைக் காட்டும் பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டாது என்று சி மொழியே சொல்கிறது. இதை நம்பி வரிசை மாற்றுவது சில பழைய நிரல்களை உடைத்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இந்த அனுமானத்தை அணைத்துவிட்டே கம்பைல் செய்யப்படுகிறது. இன்னொன்று ரெஸ்ட்ரிக்ட். 1999-ன் சி தரத்தில் வந்த இந்தச் சொல், 'இந்தப் பாயிண்டர் வழியாகத் தொடும் இடத்தை வேறு வழியில் தொட மாட்டேன்' என்று நாம் எழுதிக்கொடுக்கும் வாக்கு. வாக்குத் தவறினால் பழி நம் மேல்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஃபங்ஷன் ஒன்றை அழைத்தால், அது எந்தப் பொது வேரியபிளையும் தொட்டிருக்கலாம் என்றுதான் கம்பைலர் கருத வேண்டும். ஆகவே அந்த அழைப்பைத் தாண்டிப் பொது வேரியபிள்கள் நகராது. வெளியே முகவரி கொடுக்கப்படாத லோக்கல் வேரியபிள்கள் மட்டும் தாராளமாக நகரும். இந்த விஷயம் லாக் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இரண்டாவது த்ரெட்டில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். 'தயார் 1 ஆகும்வரை சுற்று' என்ற வரியை ஜிசிசி என்ற கம்பைலரில், நிரலை வேகப்படுத்தும் ஓ2 ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்து, அது தரும் பிராசஸர் கட்டளைகளை, அதாவது அசெம்பிளியை, திறந்து பாருங்கள். சுற்றுக்குள் 'தயார்' என்ற வேரியபிளை மாற்றும் எதுவும் இல்லை. எனவே அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது வீண் வேலை என்று கம்பைலர் முடிவு செய்கிறது. ஒரே ஒருமுறை, சுற்றுக்கு முன்பே, படித்துவிடும். அது பூஜ்யமாக இருந்தால் தன் மேலேயே தாவும் ஒற்றைக் கட்டளை ஒன்று இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான் மிஞ்சும். மற்ற த்ரெட் ஆயிரம் முறை 1 என்று எழுதினாலும் இந்தச் சுற்று நிற்காது. இதைக் கம்பைலரின் பிழை என்று சொல்ல முடியாது. அட்டாமிக் அல்லாத ஒரே இடத்தை ஒரு த்ரெட் எழுத, அதே நேரம் இன்னொரு த்ரெட் தொட்டால் அது டேட்டா ரேஸ். 2011-ன் சி, சி ப்ளஸ் ப்ளஸ் தரங்களின்படி டேட்டா ரேஸ் உள்ள நிரலுக்கு எந்த அர்த்தமும் உறுதி செய்யப்படவில்லை.

2011-க்கு முன் அந்த மொழிகளின் தரத்தில் த்ரெட் என்ற பேச்சே கிடையாது. மொழிக்குத் தெரியாமல் த்ரெட்டை வெறும் லைப்ரரியாக ஒட்டவைத்தால் சரியாக வராது என்று ஹான்ஸ் போம் 2005-ல் ஒரு கட்டுரையில் காட்டினார். கம்பைலர் தன் விருப்பத்துக்கு ஒரு வேரியபிளைப் பிராசஸருக்குள்ளேயே உள்ள ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, நிரலில் இல்லாத ஒரு எழுதலைப் பிறகு மெமரியில் செய்தால், லாக்கை ஒழுங்காகப் போட்ட நிரல்கூட உடையும் என்பது அதில் உள்ள முக்கியமான எடுத்துக்காட்டு. இன்றைய தரம் அப்படி எழுதுவதைத் தடுக்கிறது. நிரலாளர் டேட்டா ரேஸ் இல்லாமல் எழுத வேண்டும். கம்பைலர் புதிதாக ரேஸைக் கொண்டுவரக் கூடாது. இன்றைய ஒப்பந்தம் இதுதான்.

கம்பைலரோடு முடிந்துவிடவில்லை, பிராசஸரும் வரிசையை மாற்றும். பெரும்பாலான லேப்டாப்களில் உள்ள எக்ஸ்86 வகைப் பிராசஸர் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. முன்னால் உள்ள ஒரு எழுதலைப் பின்னால் வரும் ஒரு படித்தல் முந்திவிடலாம், அந்த ஒன்றைத்தான் வெளியே தெரியும்படி அனுமதிக்கிறது. இரண்டு எழுதல்களின் வரிசை சாதாரணமாக மாறாது. ராஸ்பெரி பையில் உள்ள ஆர்ம் வகைப் பிராசஸர் அப்படியில்லை. தடை எதுவும் சொல்லாவிட்டால் எழுதலும் எழுதலும் மாறலாம், படித்தலும் படித்தலும் மாறலாம். லேப்டாப்பில் ஓடியது போர்டில் ஏன் ஓடவில்லை என்பதற்கு இங்கே பாதிப் பதில் இருக்கிறது.

வழிகள்

ஆப்டிமைசேஷனை அணைத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அப்படி அணைத்த நிலையான ஓ0-வில் கம்பைலர் அநேகமாக எழுதியபடியே விடும், ஆனால் ஆர்ம் பிராசஸருக்கு அது தெரியாது. வேகமும் போய்விடும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

வாலட்டைல் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இதை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். வாலட்டைல் என்று அறிவித்த வேரியபிளை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படிக்க வேண்டும், ஒவ்வொரு எழுதலையும் செய்தே ஆக வேண்டும், இரண்டு வாலட்டைல் அணுகல்களின் வரிசையை மாற்றக் கூடாது. ஆகவே மேலே சொன்ன முடிவில்லாத சுற்று சரியாகிவிடும். 'வாலட்டைல் போட்டதும் ஓடிருச்சு' என்று சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் 'தயார்' மட்டும் வாலட்டைலாகவும் 'அளவு' சாதாரண வேரியபிளாகவும் இருந்தால், அந்த இரண்டின் வரிசையைக் கம்பைலர் இன்னமும் மாற்றலாம். இரண்டையும் வாலட்டைல் ஆக்கினால் கம்பைலர் மாற்றாது. ஆர்ம் பிராசஸர் மாற்றும், ஏனென்றால் வாலட்டைல் எந்தத் தடைக் கட்டளையையும் சேர்ப்பதில்லை. மூன்றாவதாக, பாதி எழுதிய மதிப்பைப் படிப்பதை அது தடுக்காது. ராஸ்பெரி பையை விட்டுவிட்டு ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற 8 பிட் போர்டில் இதே வேலையைச் செய்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே 16 பிட் எண்ணை இரண்டு பைட்டாகத்தான் படிக்க முடியும். செல்லின் வோல்டேஜ் 3839-லிருந்து 3840 மில்லிவோல்ட்டுக்கு ஏறுகிறது என்று வைப்போம். 3839 என்றால் மேல் பைட் 14, கீழ் பைட் 255. 3840 என்றால் மேல் பைட் 15, கீழ் பைட் 0. கீழ் பைட்டான 255-ஐப் படித்து முடித்த நொடியில், ஓடும் வேலையை இடைமறிக்கும் ஹார்டுவேர் சமிக்ஞையான இன்டரப்ட் வந்து மதிப்பை மாற்றுகிறது. பிறகு மேல் பைட்டைப் படித்தால் 15. இரண்டையும் சேர்த்தால் 4095. ஒரு மில்லிவோல்ட் ஏறியதற்கு, 255 மில்லிவோல்ட் கூடுதலாகத் தெரிகிறது. இறங்கும்போது இதே சிக்கல் வந்தால் 3584 என்று காட்டும். வேரியபிளுக்கு வாலட்டைல் போட்டிருந்தாலும் இப்படித்தான். படிக்கும் அந்த இரண்டு கட்டளைகளுக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவைப்பதே அங்கு மருந்து.

ஜாவா படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. 2004-ல் ஜாவா 5 வந்தபோது திருத்திய மெமரி மாடலில், வாலட்டைல் வேரியபிளுக்கு த்ரெட்களுக்கிடையே வரிசையைக் காக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. பெயர் ஒன்று, பொருள் வேறு. மைக்ரோசாஃப்டின் கம்பைலரும் எக்ஸ்86-ல் வாலட்டைலுக்கு இயல்பாகவே ரிலீஸ்-அக்வயர் அர்த்தம் தருகிறது; அங்கே ஓடிய நிரல் ஜிசிசிக்கு வந்ததும் உடையலாம். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில் வாலட்டைலை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கே தனிப் பக்கம் உண்டு. என் கருத்தும் அதேதான். சென்சார் போன்ற ஹார்டுவேரின் ரெஜிஸ்டரைத் தொட வாலட்டைல் வேண்டும், இயங்குதளம் அனுப்பும் சிக்னலைக் கவனிக்கும் சிக்னல் ஹேண்ட்லரில் 'நடந்தது' என்று காட்டும் ஒரு கொடியை வைக்க அதற்கு இடம் உண்டு. த்ரெட்டுக்கும் த்ரெட்டுக்கும் நடுவில் அதற்கு வேலை கிடையாது.

கம்பைலர் பேரியர் என்று ஒன்றும் இருக்கிறது. கட்டளை எதுவும் இல்லாத அசெம்பிளி வரி ஒன்றை எழுதி, 'மெமரி முழுவதும் மாறியிருக்கலாம்' என்று கம்பைலரிடம் சொல்வது. அந்த வரியைத் தாண்டி எதையும் நகர்த்த அதற்கு உரிமை போய்விடும். பிராசஸருக்கு இது எட்டாது. எக்ஸ்86-ல் நம் 'அளவு, தயார்' உதாரணத்துக்கு நடைமுறையில் இதுவே போதும், ஆர்மில் போதாது. ஆகையால் மறுபடியும் லேப்டாப்பில் ஓடும், போர்டில் ஓடாது என்ற அதே இடத்துக்குத்தான் வந்து நிற்போம்.

அடுத்தது லாக். எழுதும் முன் மியூடெக்ஸைப் பூட்டி, எழுதி, திறப்பது. படிக்கிறவரும் அதே மியூடெக்ஸைப் பூட்டி, படித்து, திறப்பது. பூட்டுவதற்கான ஃபங்ஷன் கம்பைலருக்கு உள்ளே தெரியாத ஃபங்ஷன், ஆகவே பொது வேரியபிள்கள் அதைத் தாண்டாது. பிராசஸருக்கு வேண்டிய தடைக் கட்டளைகளும் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கின்றன. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் த்ரெட்களுக்கான பாசிக்ஸ் தரம் இதை உறுதியாகச் சொல்கிறது. பொது விதியைச் சொன்னால், பூட்டுக்கு வெளியே உள்ள வேலை உள்ளே நகர்ந்து வரலாம், உள்ளே உள்ளது வெளியே போகக் கூடாது. ஆகவே லாக்குக்கு நடுவிலும் கம்பைலர் தன் ஆப்டிமைசேஷனைச் செய்யலாம். பூட்டுக்குள் உள்ள பத்து வரிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்யட்டும், வெளியே இருப்பவருக்குப் பத்தும் முடிந்த பிறகுதான் தெரியும்.

லாக்கின் பெரிய பலம் இன்னொன்று. வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை, நேரம் என்று நான்கு மதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்க வேண்டும் என்றால், நான்கையும் ஒரே பூட்டுக்குள் வைத்தால் போதும். நான்கைத் தனித்தனி அட்டாமிக் ஆக்கினால் ஒவ்வொன்றும் முழுதாக இருக்கும், ஆனால் புது நேரத்தோடு பழைய வோல்டேஜ் சேர்ந்து வரலாம். சார்ஜிங் வரைபடம் ஒரு புள்ளி தள்ளிப்போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியாது.

'லாக் மெதுவாச்சே' என்பது எப்போதும் வரும் பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். போட்டி இல்லாத மியூடெக்ஸை லினக்ஸில் பூட்டித் திறக்கக் கெர்னலுக்குள் போகவே வேண்டியதில்லை, சில பத்து நானோநொடிதான் ஆகும். நூறு என்றே வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு ஆயிரம் ரீடிங் என்றால் ஒரு ரீடிங்குக்கு நம் கையில் இருப்பது 10 லட்சம் நானோநொடி. பத்தாயிரத்தில் ஒரு பங்கு லாக்குக்குப் போகிறது. இதை மிச்சப்படுத்த வேறு வழி தேடுவதில் அர்த்தமில்லை. மெதுவாவது லாக்கால் அல்ல, லாக்கைப் பிடித்துக்கொண்டே எஸ்டி கார்டில் எழுதுவதால்தான். கார்டு சில சமயம் நினைத்ததைவிட வெகுநேரம் எடுத்துக்கொள்ளும், அதுவரை சென்சார் த்ரெட் வெளியே நிற்கும். பூட்டுக்குள் மதிப்புகளை லோக்கலுக்கு நகல் எடுத்துக்கொண்டு, திறந்துவிட்டு, பிறகு கார்டில் எழுதுங்கள்.

லாக்குக்கு உண்மையான ஒரு குறை உண்டு: அது காத்திருக்க வைக்கும். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லர் காத்திருக்க முடியாது. அங்கே மியூடெக்ஸ் பூட்டுவது தவறு. அட்டாமிக்குக்கு வர வேண்டிய இடம் அதுதான்.

அட்டாமிக்குக்குள் எந்த வரிசை

அட்டாமிக் என்று அறிவித்துவிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால் சி மொழி தருவது சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி. 1979-ல் லெஸ்லி லாம்போர்ட் வரையறுத்தது: எல்லா த்ரெட்களின் செயல்களும் ஏதோ ஒரே வரிசையில் நடந்ததுபோல் இருக்க வேண்டும், ஒவ்வொரு த்ரெட்டும் எழுதியபடியே அந்த வரிசையில் வர வேண்டும். சி மொழி இதை அட்டாமிக் செயல்களுக்கு உறுதியளிக்கிறது. மனிதர் மனத்தில் நினைத்துப் பார்க்க எளிதான மாடல் இதுதான்.

இதைவிடத் தளர்ந்தது ரிலீஸ்-அக்வயர். 'தயார்' என்ற கொடியை ரிலீஸாக எழுதினால், அதற்கு முன் எழுதிய எதுவும் அதற்குப் பின்னால் போகாது. கொடியை அக்வயராகப் படித்தால், அதற்குப் பின் படிக்க வேண்டிய எதுவும் அதற்கு முன்னால் வராது. இந்த அக்வயர் அந்த ரிலீஸ் எழுதிய மதிப்பைப் பார்த்துவிட்டால், முன்னால் எழுதிய எல்லாமே தெரிந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் வேண்டும். எழுதும் பக்கம் மட்டும் ரிலீஸ் போட்டுவிட்டுப் படிக்கும் பக்கத்தைச் சும்மா விடுகிறவர்கள் உண்டு. படிக்கும் பிராசஸர் 'அளவை' முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கலாம், அந்த ரிலீஸால் பயனில்லாமல் போய்விடும்.

ரீடிங்குகளை வரிசையாகக் கைமாற்றும் ரிங் பஃபருக்கு, அதாவது ஒரே ஆள் போட ஒரே ஆள் எடுக்கும் அமைப்புக்கு, இது கச்சிதமாகப் பொருந்தும். போடுகிறவர் அறையில் ரீடிங்கை வைத்துவிட்டு, அடுத்து நிரப்ப வேண்டிய அறையைக் காட்டும் வால் எண்ணை ரிலீஸாக நகர்த்துகிறார். எடுக்கிறவர் வால் எண்ணை அக்வயராகப் பார்த்துவிட்டு அறையைத் திறக்கிறார். மறந்துபோவது மறுபாதி. எடுத்து முடித்தவர், அடுத்து எடுக்க வேண்டிய அறையைக் காட்டும் தலை எண்ணையும் ரிலீஸாகத்தான் நகர்த்த வேண்டும், போடுகிறவர் அதை அக்வயராகப் பார்த்த பிறகே பழைய அறையில் புதியதை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படித்து முடிக்காத ரீடிங்கின் மேல் புது ரீடிங் விழும்.

ரிலீஸ்-அக்வயர் எங்கே போதாது? இரண்டு த்ரெட்கள் ஆளுக்கொரு கொடி வைத்திருக்கின்றன. ஒன்று 'நான் ரிலே என்ற சுவிட்சை இணைத்துச் சார்ஜிங்கைத் தொடங்கப்போகிறேன்' என்று தன் கொடியை எழுதிவிட்டு மற்றதன் கொடியைப் பார்க்கிறது. மற்றது 'நான் செல்லை விடுவிக்கப்போகிறேன்' என்று தன் கொடியை எழுதிவிட்டு முதலாவதன் கொடியைப் பார்க்கிறது. எதிராளியின் கொடி பூஜ்யமாக இருந்தால் மேலே போகலாம் என்பது விதி. ரிலீஸ்-அக்வயரில் இரண்டுமே பூஜ்யத்தைப் பார்க்கலாம், இரண்டுமே மேலே போகலாம். எக்ஸ்86 அனுமதிக்கும் அந்த ஒரே வரிசை மாற்றம் இதுதான் என்பதால் இது லேப்டாப்பிலேயே நடக்கும். இங்கே சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சிதான் வேண்டும். இல்லாவிட்டால் லாக்.

விலை எவ்வளவு? 64 பிட் இயங்குதளத்தோடு ஓடும் ராஸ்பெரி பை 4-ல், அதாவது ஆர்ம்வி8-ல், அக்வயர் படித்தலுக்கென்றும் ரிலீஸ் எழுதலுக்கென்றும் தனிக் கட்டளைகளே இருக்கின்றன. சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சியோடு படிக்கவும் எழுதவும் ஜிசிசி பயன்படுத்துவது அதே இரண்டு கட்டளைகளைத்தான். ஆகவே இந்த போர்டில் 'வேகத்துக்காக' ரிலீஸ்-அக்வயருக்கு இறங்கினால், சாதாரணப் படித்தல் எழுதலில் மிச்சமாவது அநேகமாக ஒன்றுமில்லை. எக்ஸ்86-ல் கணக்கு வேறு. அங்கே அக்வயர் படித்தலும் ரிலீஸ் எழுதலும் சாதாரண மூவ் கட்டளைதான், முழு வரிசைக்கான எழுதலுக்கு மட்டும் அதைவிடக் கனமான எக்ஸ்சேஞ்ச் கட்டளை வேண்டும். மாணவர்கள் வேகத்தைத் தேடும் போர்டில் அது கிடைப்பதில்லை, தேவைப்படாத லேப்டாப்பில் கிடைக்கிறது. போர்டு எது என்று பார்க்காமல் 'தளர்ந்ததே வேகம்' என்று முடிவு செய்யக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வரிசை பற்றி எந்த உறுதியும் தராத ரிலாக்ஸ்ட் என்பது எண்ணிக்கைக்கு மட்டும். தவறவிட்ட ரீடிங்குகள் எத்தனை என்று எண்ணும் வேரியபிளுக்கு வேறு எதோடும் வரிசை உறவு வேண்டாம், முழுதாக இருந்தால் போதும். வரிசை மாறுவதைத் தடுக்கும் தனி ஃபென்ஸ் கட்டளைகளை எழுதுவதை இந்த அளவு வேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். எந்த எழுதலுக்காக இந்த ஃபென்ஸ் என்பது படிக்கிறவருக்குத் தெரியாது, கீழே சொல்லப்போகும் கருவிக்கும் சரியாகப் புரியாது.

சோதிப்பது

லேப்டாப்பில் ஓடியது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்டில் ஒரு இரவு முழுக்க ஓடியதும் ஆதாரமல்ல. ஜிசிசியிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் த்ரெட் சானிடைசர் என்ற கருவி சேர்ந்தே வருகிறது. கம்பைல் செய்யும்போது ஒரு ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். நிரல் ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும், மெமரியும் ஐந்து முதல் பத்து மடங்கு கேட்கும். பரவாயில்லை. விடை தப்பாக வந்ததா என்று பார்த்து அது கண்டுபிடிப்பதில்லை. இரண்டு அணுகல்களுக்கு நடுவே லாக்கோ ரிலீஸ்-அக்வயரோ வைத்து வரிசை நிறுவப்பட்டதா என்று பார்க்கிறது. அதனால் எக்ஸ்86 லேப்டாப்பிலேயே ஓடவிட்டு, ஆர்மில் உடையப்போகும் ரேஸைப் பிடித்துவிடலாம். கொடியை ரிலாக்ஸ்ட் ஆக வைத்து, அதை நம்பிச் சாதாரண வேரியபிளைப் படித்தாலும் சொல்லிவிடும். அந்த ஓட்டத்தில் நடக்காத பாதையைப் பற்றி மட்டும் அதனால் ஒன்றும் சொல்ல முடியாது, ஆகவே சார்ஜிங், நிறுத்தம், கோளாறு என்று எல்லாப் பாதைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது

நொடிக்கு ஆயிரம் ரீடிங், ராஸ்பெரி பை, இரண்டு த்ரெட் என்றால் மியூடெக்ஸ். நான்கு மதிப்புகளையும் சேர்த்துக் கட்டிய ஒரே ஸ்ட்ரக்ட், ஒரே பூட்டு, எஸ்டி கார்டு பூட்டுக்கு வெளியே. வைவாவில் யார் கேட்டாலும் விளக்கலாம், ப்ராஜெக்ட்டை அடுத்த ஆண்டு எடுத்துத் தொடரும் ஜூனியர்களும் உடைக்காமல் மாற்றலாம். இது சின்ன விஷயமில்லை. ரிலீஸ்-அக்வயரில் எழுதிய நிரலில் யாரோ ஒரு வரியை இடம் மாற்றினால் எந்த எச்சரிக்கையும் வராது.

இரட்டை கோர் உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு போர்டில் இன்டரப்ட் ஹேண்ட்லரே ரீடிங் எடுத்தால் ரிங் பஃபர், ரிலீஸ்-அக்வயரோடு. ஆனால் அதைச் சொந்தமாக எழுதும் முன், அந்த போர்டின் இயங்குதளமான ஃப்ரீஆர்டாஸ் தரும் க்யூவைப் பாருங்கள். இன்டரப்ட்டிலிருந்து போடுவதற்கென்றே தனி ஃபங்ஷன் அதில் இருக்கிறது, பெரும்பாலான பெட்டிகளுக்கு அது போதும்.

இரண்டு த்ரெட்கள் ஒன்றையொன்று கொடி காட்டிச் சம்மதம் கேட்கும் இடம் எங்கே இருந்தாலும், அங்கே லாக். கட்டாயம் அட்டாமிக் வேண்டுமென்றால் முழு வரிசை. ரிலே சம்பந்தப்பட்ட இடத்தில் இதைத் தளர்த்த யாருக்கும் நான் சம்மதம் சொன்னதில்லை.

4200-ல் நிறுத்தும் பொறுப்பை மட்டும், எந்த வழியை எடுத்தாலும், இந்த நிரலிடம் முழுதாக விடாதீர்கள். அளவு மீறிச் சார்ஜ் ஆன லித்தியம் செல் சூடாகித் தீப்பிடிக்கும். செல்லோடு ஒரு பாதுகாப்பு சர்க்யூட்டைத் தனியாக வைத்து, அது தானாகத் துண்டிக்கிறதா என்று நிரலை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். செல்லை ப்ராஜெக்ட் அறையில் வைத்துவிட்டுப் போவது அதற்கு அப்புறம்தான்.